அந்த ஒரு வார்த்தை

அன்புள்ள அக்கா,

வடதுருவ ஊர்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, இன்யூட் மக்கள் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன். பெரிய திமிங்கிலம் ஒன்றைக் கரைக்கு இழுத்து வந்து, ஊரே கூடி அறுக்கிறது. பனியெல்லாம் ரத்தம். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளைக்காரத் திமிங்கில வேட்டைக்காரர்கள் துப்பாக்கியும் புகையிலையும் கொடுத்து அந்த அப்பாவி எஸ்கிமோக்களை ஏமாற்றிக் கெடுத்தார்கள் என்பது புரிகிறது. ஆனால் அழிந்துகொண்டிருக்கும் ஓர் உயிரை இன்றைக்கும் மோட்டார் படகில் போய்க் கொல்வதைப் பாரம்பரியம் என்று எப்படிச் சொல்வது? இது பாவம் இல்லையா? இதைப் பற்றிப் படிக்க நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
க., ஈரோடு

*

அன்புள்ள க.,

போன வாரம் அலமாரியை ஒழுங்குபண்ணும்போது சீல் தோலில் தைத்த ஒரு சின்னப் பை அகப்பட்டது. வட கனடாவின் பாஃபின் தீவில் பாங்னிர்துங் என்ற ஊரைச் சேர்ந்த ஓர் ஆச்சி தைத்தது. என்னிடம் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் ஒரு தையல்கூட விடவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். எஸ்கிமோ என்று அழைப்பதைக் கனடாவில் அவர்கள் விரும்புவதில்லை. இன்யூட் என்றே எழுதுங்கள். மோட்டார் படகு? ஆட்டுக்கல்லை விட்டு கிரைண்டருக்கு மாறியதால் உங்கள் வீட்டு இட்லி வேறு யாருடையதோ ஆகிவிட்டதா? அவ்வளவுதான். பாவமா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. அந்த நிலத்தில் நெல்லும் விளையாது, கத்தரிக்காயும் காய்க்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். புத்தகம் பிறகு சொல்கிறேன்.

ஆனால் ‘அப்பாவி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் விடமாட்டேன்.

1839. கிரீன்லாந்துக்கும் பாஃபின் தீவுக்கும் நடுவே உள்ள டேவிஸ் நீரிணையில் திமிங்கிலம் குறைந்துகொண்டே வந்தது. ஸ்காட்லாந்துக் கப்பல்கள் பாதி வெறுமையாகத் திரும்பின. வில்லியம் பென்னி என்ற கப்பல் தலைவர் புது இடம் தேடி அலைகிறார். அப்போது ஈனூலுவாபிக் என்ற இன்யூட் இளைஞனைச் சந்திக்கிறார். இருபது வயது இருக்கும். அவன் தான் பிறந்த கரையைக் கடதாசியில் வரைந்து காட்டினான். இங்கே ஒரு பெரிய வளைகுடா இருக்கிறது, அதில் திமிங்கிலம் நிறைய என்றான். 1585-ல் ஜான் டேவிஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போன கம்பர்லாந்து சவுண்ட் அது. அதன் பிறகு இரண்டரை நூற்றாண்டு ஐரோப்பியர்கள் அதைத் தொலைத்திருந்தார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது தொலையவே இல்லை, பாருங்கள்.

அந்தப் பையன் பென்னியோடு கப்பலேறி ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்குப் போனான். அங்கே டீ ஆற்றில் தன் கயாக் படகை ஓட்டி ஊரை வியக்கவைத்தான். பிறகு நுரையீரல் நோய் வந்து சாகக் கிடந்தான். அடுத்த வருஷம் திரும்பி வந்து கப்பலுக்கு வழிகாட்டினான். இவனையா அப்பாவி என்கிறீர்கள்? எது எங்கே இருக்கிறது என்று அந்தக் கப்பலில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். இரும்பும் மரமும் இல்லாத ஊருக்கு ஒரு கப்பல் வருவது என்றால் என்ன என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அப்புறம் நடந்ததையும் பாருங்கள். 1850-களில் கப்பல்கள் அங்கேயே உறைபனியில் குளிர்காலத்தைக் கழிக்கத் தொடங்கின. 1857-ல் பென்னி அந்த வளைகுடாவில் உள்ள கெக்கர்டன் தீவில் ஒரு நிலையம் கட்டினார். வசந்தத்தில் பனி விளிம்பில் நின்று வேட்டையாட வேண்டும். அதற்கு ஆள் யார்? இன்யூட் ஆண்கள்தான். துடுப்புப் போட்டார்கள், ஈட்டி எறிந்தார்கள். பெண்கள் மாலுமிகளுக்குத் தோல் உடுப்பும் சப்பாத்தும் தைத்தார்கள். அந்த உடுப்பு இல்லாவிட்டால் ஒரு ஸ்காட்லாந்துக்காரனும் பங்குனியைக் கண்டிருக்க மாட்டான். கூலி காசாக இல்லை. பிஸ்கட், வெல்லப்பாகு, கோப்பி, புகையிலை, துப்பாக்கி, சில சமயம் வேட்டைப் படகே. அக்கார்டியனும் அப்படித்தான் வந்தது. பாஃபின் தீவில் இன்றைக்கும் முதியவர்கள் ஸ்காட்லாந்து மெட்டுக்கு ஆடுவார்கள், தங்களுடைய ஆட்டமாகவே.

இவ்வளவும் தெரிந்து செய்த தொழில். அப்படியானால் அநியாயம் நடக்கவில்லையா? நடந்தது. என் கோபமே அங்கேதான். ஏமாந்தவனுக்கு நடந்தால்தான் அநியாயம், கண் திறந்திருந்தவனுக்கு நடந்தால் இல்லை என்று நாம் ஏன் நினைக்கிறோம்? ஈனூலுவாபிக் 1847-ல் காசநோயில் செத்தான். முப்பது வயதைத் தொடவில்லை. 1883-ல் ஃபிரான்ஸ் போவாஸ் என்ற மானிடவியலாளர் கெக்கர்டனில் தங்கி ஆராய்ச்சி செய்த குளிர்காலத்தில் தொண்டை அடைப்பான் பிள்ளைகளைக் கொண்டுபோனது. ஹட்சன் விரிகுடாவின் சவுதாம்ப்டன் தீவில் சாட்லர்மியூட் என்று ஒரு கூட்டத்தார் இருந்தார்கள். 1902-03 குளிர்காலத்தில், திமிங்கிலக் கப்பலில் வந்த நோயில், ஒரு பெண்ணும் சில குழந்தைகளும் தவிர எல்லாரும் போய்விட்டார்கள். அவர்கள் பேச்சு, பாட்டு, எல்லாம் ஒரே குளிர்காலத்தில்.

நான் ஒட்டாவாவுக்கு வந்த புதிதில் ஆங்கிலம் படிக்க ஒரு வகுப்புக்குப் போனேன். முதல் நாள் ஆசிரியை என் கையைத் தடவி, ‘பாவம், அப்பாவிகள்’ என்று மற்றவர்களிடம் சொன்னார். நல்ல மனுஷிதான். ஆனால் நான் ஊரில் பதினோரு வருஷம் கூட்டுறவுச் சங்கக் கணக்குப் பார்த்தவள். ஷெல் விழுந்த காலத்திலும் பேரேட்டில் ஒரு சதம் பிசகவிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையில் அந்தப் பதினோரு வருஷத்தையும் அவர் துடைத்துப்போட்டார். அன்றிலிருந்து யாரைப் பற்றி யார் அப்படி எழுதினாலும் எனக்குப் பொறுக்காது. நீங்கள் இளம் ஆள், நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் சொல்கிறேன்.

சரி, உங்கள் கேள்வி. திமிங்கிலம் எங்கே போனது? இன்யூட் மக்கள் அர்விக் என்று சொல்லும் வில்தலைத் திமிங்கிலம் மெதுவாக நீந்தும், செத்தாலும் பெரும்பாலும் மிதக்கும். கொழுப்பு விளக்குக்கும் இயந்திரத்துக்கும் எண்ணெயானது. வாயில் பல்லுக்குப் பதில் தொங்கும் நீளத் தகடுகள் பெண்களின் இடுப்புக் கச்சைக்கும் குடைக் கம்பிக்கும் போயின. அலாஸ்கா பக்கம் மட்டும் 1848 முதல் 1914 வரை 18,000-க்கும் மேல் கொன்றார்கள். பிறகு அந்தத் தகடுகளுக்குப் பதிலாக இரும்புச் சுருள் வந்தது, கச்சைக்குக் கிராக்கி போனது, கப்பல்களும் போய்விட்டன. கடலில் மிச்சம் இருந்ததை வைத்துப் பிழையுங்கள் என்று ஊரை விட்டுவிட்டுப் போனார்கள்.

1977-ல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் அலாஸ்காவின் இன்யூபியாட் மக்களுக்கும் வேட்டை கூடாது என்றது. மிஞ்சியிருப்பது இரண்டாயிரத்துக்குள்தான் என்று கணக்கு. பனி விளிம்பில் நின்று, திறந்த நீரில் போவதைக் கண்ணால் பார்த்து எண்ணிய கணக்கு அது. வேட்டைக்காரர்கள் சொன்னார்கள்: அவை பனிக்கு அடியிலும் போகும், தலையால் பனியை முட்டி உடைத்து மூச்சு வாங்கும், நீங்கள் பார்ப்பது பாதிகூட இல்லை. யாரும் நம்பவில்லை. பிறகு நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டார்கள். பனிக்கு அடியில் திமிங்கிலங்கள் பாடிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. 2011-ல் எண்ணியபோது அந்தக் கடலில் மட்டும் ஏறக்குறைய 17,000. ஆக, அழிந்துகொண்டிருக்கிறது என்ற உங்கள் தகவலும் பழையது. பாஃபின் தீவு அடங்கிய கனடாவின் நுனாவுட்டில் இன்று முழுப் பிரதேசத்துக்கும் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் அனுமதி.

2007-ல் அலாஸ்காவில் பிடித்த ஒரு திமிங்கிலத்தின் தோளில் பழைய வெடி ஈட்டியின் துண்டு ஒன்று இருந்தது. அமெரிக்காவின் நியூ பெட்ஃபர்டில் செய்தது, 1880-ஐ ஒட்டிய காலத்து இரும்பு. அந்தக் காலத்துக் கப்பல்காரன் எறிந்ததை உடம்பில் சுமந்துகொண்டு அது நூறு வருஷத்துக்கு மேல் நீந்தியிருக்கிறது.

அந்த ஆச்சியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. பாஃபின் தீவிலிருந்து வைத்தியத்துக்கு ஒட்டாவாவுக்குத்தான் வருவார்கள். அவர்கள் தங்கும் ஒரு விடுதியில் நான் இரவுச் சமையல் பார்த்தேன். ஆச்சி என் சூப்பைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் ஊரிலிருந்து விமானத்தில் ஒரு பெட்டி வந்தது. பேத்தி தரையில் அட்டையை விரித்தாள். ஆச்சி கால் நீட்டி உட்கார்ந்து, உலு என்கிற அரைவட்டக் கத்தியால் மக்தாக் வெட்டினார். கறுப்பும் சாம்பலுமான தோல், அதன் கீழே இளஞ்சிவப்புக் கொழுப்பு. அது நார்வால் என்கிற சின்னத் திமிங்கிலத்தின் தோல் என்றாள் பேத்தி. எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். பெரிதாக இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கி நாலாகக் கீறித் திருப்பித் தந்தார். மென்றுகொண்டே இருந்தேன், கொட்டைப் பாக்கு மெல்வதுபோல.

1998-ல் கம்பர்லாந்து சவுண்டில் அனுமதியோடு பிடித்த முதல் அர்விக்கைப் பற்றி ஆச்சி சொன்னார். அதன் ருசியை அதுவரை அம்மம்மா சொல்லித்தான் தெரியுமாம். அந்த அம்மம்மா கெக்கர்டனில் மாலுமிகளுக்குச் சப்பாத்துத் தைத்தவர். ஒரு சோடிக்கு எத்தனை பிஸ்கட் என்று கப்பல்காரனோடு வாதாடுவாராம். குறைத்துக் கொடுத்தால் ஒரு காலுக்கு மட்டும் தைத்துக் கொடுத்து அனுப்புவாராம். இதைச் சொல்லும்போது ஆச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஊருக்குத் திரும்பும் நாளில் இந்தப் பையைக் கையில் வைத்திருந்தார். எனக்கு ஆசையாக இருந்தது. இருபது டொலரை நீட்டினேன். ஆச்சி நோட்டைப் பார்த்தார், பையின் தையலை என் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினார், பிறகு நாலு விரலை நிமிர்த்தினார். நாற்பது கொடுத்தேன்.