செமஸ்டர் ஜிபிஏக்களை (ஒவ்வொரு செமஸ்டரின் சராசரி கிரேடு பாயின்ட்) கூட்டி வகுத்தால் சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி) வந்துவிடுமா? சதவீதமாக்க 9.5 ஆல் பெருக்கலாமா?

இரண்டுமே தப்பு. நீங்களும் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிதான், கேம்பஸ் இன்டர்வியூ நெருங்குகிறது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒவ்வொரு பாடத்தின் க்ரெடிட்டையும், அதாவது அந்தப் பாடத்துக்குக் கொடுத்திருக்கும் எடையை, நீங்கள் வாங்கிய கிரேடு பாயின்ட்டால் பெருக்கி, கூட்டி, மொத்த க்ரெடிட்டால் வகுக்க வேண்டும். நான் படித்த 2017 ரெகுலேஷனில் (பல்கலைக்கழகத்தின் பாடத்திட்ட விதிமுறை) ஓ வாங்கினால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6. நான்கு க்ரெடிட் கணக்குப் பாடத்தில் பி, இரண்டு க்ரெடிட் லேபில் ஓ என்றால் சராசரி 8 ஆகாது. 44-ஐ 6 ஆல் வகுத்தால் 7.33 தான்.

எங்கள் கல்லூரிக்கு ஒரு கம்பெனி 7.5 கட்-ஆஃப் வைத்து வந்தது. பட்டியலில் என் பெயர் இல்லை. ஐந்து செமஸ்டர் ஜிபிஏவைக் கூட்டி ஐந்தால் வகுத்து 7.46 என்று போட்டிருந்தார்கள். எனக்கு 6.7 வந்த ஐந்தாவது செமஸ்டருக்கு 18 க்ரெடிட்தான். முந்தைய நான்கும் 22, 25 என்று இருந்தன. மார்க்‌ஷீட்டுகளை எடுத்துப்போய், 863.7-ஐ 115 ஆல் வகுத்து 7.51 என்று காட்டினேன். "எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம்பா" என்றார் சார். எக்செல்லில் திருத்தும் வரை நான் நகரவில்லை. திருத்திய பிறகு இன்னும் சிலர் பெயரும் உள்ளே வந்தது. 0.05-க்கு இவ்வளவு சண்டையா என்று கேட்பவர்கள், அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்று பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள். வேலை கிடைத்ததா என்பது வேறு விஷயம். தேர்வு எழுத எனக்குத் தகுதி இருந்தது.

அந்த 9.5, சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்கு முன்பு சிஜிபிஏ கொடுத்த காலத்துக் கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்துக்கு 10 ஆல் பெருக்கினால் போதும். வேறு பல்கலைக்கழகம் என்றால் அவர்கள் விதியைக் கேட்டு வாங்குங்கள், யாரோ சொன்ன சூத்திரத்தை விண்ணப்பத்தில் போடாதீர்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக் கல்லூரியில் சேரும்போதே வாங்கி வைத்துக்கொண்டு, ஃபீஸ் பாக்கி என்று எங்கள் வகுப்பில் பலரை அலையவிட்டார்கள். என்ன நியாயம் இது? அது மாணவருடைய சொத்து. கையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.