டிவி செய்தியைப் பார்த்து அப்பா பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார், என்ன செய்வது?

உசிலம்பட்டி பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 63 வயது. ஆறு வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து தருவதுதான். 'பாராசிட்டமால், பிரஷர் மாத்திரை உட்பட 50க்கும் மேற்பட்ட மருந்துகள் தரமற்றவை' என்ற பழைய டிவி செய்தி ஒன்று வாட்ஸப்பில் வந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து, ஒன்பது நாளாக, மாத்திரையைத் தொடவில்லை. 'சும்மா குடுக்குறது வேற எப்படி இருக்கும்' என்கிறார். செய்தியை நம்புவதா, டாக்டரை நம்புவதா?"

முதலில் அப்பாவைப் பார்ப்போம், செய்தியை அப்புறம் பேசலாம். நீங்கள் அனுப்பிய அட்டையின் படத்தில் இருப்பவை அம்லோடிபினும் அட்டெனோலாலும். இந்த அட்டெனோலால் சட்டென்று நிறுத்தக்கூடாத மாத்திரை. வருடக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென்று விட்டால் இதயத்துடிப்பு எகிறும், ரத்தக்குழாயில் ஏற்கெனவே அடைப்பு இருந்தால் நெஞ்சுவலி வரைக்கும் போகும். அதனால் இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் பிரஷரும் நாடித்துடிப்பும் பாருங்கள், அங்குள்ள டாக்டரிடம் ஒன்பது நாள் விட்டதைச் சொல்லி, அவர் சொல்கிற அளவில் மறுபடி தொடங்குங்கள். விட்டதை ஈடுகட்டுகிறேன் என்று இரண்டிரண்டாகப் போட வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சு குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்வு, இதில் எது வந்தாலும் யோசிக்காமல் 108.

சரி, இப்போது செய்தி. அந்த வீடியோ 2024 செப்டம்பரில் பெரிதாக ஓடியது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடுகிற பட்டியல்தான் அதற்கு மூலம். மருந்து ஆய்வாளர்கள் கடை, கிடங்கு என்று போய் சாம்பிள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், தேறாதவை பட்டியலில் ஏறும். அதில் மருந்தின் பெயர் மட்டும் இருக்காது. பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான மாத்திரைத் தொகுதிக்குத் தரும் எண்), தயாரித்த தேதி, காலாவதி தேதி, கம்பெனி, எதில் தோற்றது என்பதெல்லாம் இருக்கும். ஏனென்றால் தோற்றது அந்த ஒரு பேட்ச். அதுவும் சில சமயம் மாத்திரை குறித்த நேரத்துக்குள் கரையவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும். அதுவும் குறைதான், சப்பைக்கட்டு கட்டவில்லை, ஆனால் விஷம் என்று அர்த்தமாகாது. அந்த 2024 பட்டியலிலேயே சில கம்பெனிகள் 'இந்த பேட்ச் நாங்கள் தயாரித்ததே இல்லை, யாரோ எங்கள் பெயரில் போலி போட்டிருக்கிறார்கள்' என்று சொன்னார்கள். அது வேறு குற்றம், வேறு செய்தி. டிவியின் அடியில் ஓடுகிற வரியில் இதற்கெல்லாம் இடம் கிடையாது, 'பிரஷர் மாத்திரை தரமற்றது' என்று மூன்றே வார்த்தையில் முடிந்துவிடும். நீங்கள் அனுப்பிய வீடியோவை இரண்டு முறை பார்த்தேன். அதில் சொல்லப்படும் பிரஷர் மருந்து டெல்மிசார்டன். அப்பா சாப்பிடுவது அதுவே இல்லை!

'சும்மா குடுக்குறது' என்பதற்கும் ஒரு பதில் வேண்டும். அரசு ஆஸ்பத்திரி மாத்திரைகளை வாங்குவது 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அவர்கள் கிடங்குக்கு வருகிற ஒவ்வொரு பேட்சிலும் சாம்பிள் எடுத்து ஆய்வகத்தில் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள். காசு கொடுத்து வாங்கும் மாத்திரைதான் சுத்தம் என்று அப்பா நினைத்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

செய்தியைக் கேட்டு மருந்தை நிறுத்துவது நம்மூர்ப் பழக்கம் மட்டும் இல்லை. 1995-ல் பிரிட்டனில், ஒரு வகைக் கருத்தடை மாத்திரையால் ரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று அரசுக் குழுவே எச்சரிக்கை விட, பத்திரிகைகள் அதைத் தூக்கிப் பிடித்தன. இரண்டு மடங்கு என்றால் என்ன? 7000 பெண்களில் ஒருவருக்கு வருவது இருவருக்கு வருகிறது, அவ்வளவுதான். பெண்கள் பயந்து மாத்திரையை விட்டார்கள், அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின. இதில் கொடுமை, கர்ப்பத்தில் ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையில் இருப்பதைவிட அதிகம். ஆகவே 'இரண்டு மடங்கு', '50 சதவீதம் கூடுதல்' என்று எங்கே கேட்டாலும், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். அந்த எண் செய்தியில் இல்லையென்றால் அதை வைத்து மருந்தில் கை வைக்காதீர்கள்.

நிருபர்களை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. நாலு மணிக்குப் போன் செய்து ஆறு மணிக்குள் கருத்து கேட்பார்கள், 'ஓபி இருக்கு' என்று டாக்டர்களான நாங்கள் வைத்துவிடுவோம், யார் போனை எடுக்கிறாரோ அவர் அன்றைக்கு நிபுணர். நானே ஒருமுறை ஒரு சேனலுக்கு இருபது நிமிடம் பேசினேன், ஒளிபரப்பானது ஒரே வாக்கியம், 'ஆனால்' என்று நான் தொடங்கிய இடத்தில் வெட்டியிருந்தார்கள். கோபம் வந்து அதற்குப் பிறகு யாரிடமும் பேசாமலே இருந்தேன், அது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. 'தென் தமிழகத்திலேயே முதன்முறையாக' என்று மதுரைப் பதிப்பில் வருகிற ஆபரேஷன் செய்திகள் இருக்கிறதே, அதில் பாதி ஆஸ்பத்திரிகளே பிரஸ் மீட் வைத்துக் கொடுப்பது. அதையும் கொஞ்சம் தள்ளி வைத்தே படியுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். செய்தியா டாக்டரா என்று பிரிக்க வேண்டாம். செய்தி வந்தால் அட்டையை எடுங்கள், மருந்தின் பெயரையும் பேட்ச் எண்ணையும் பாருங்கள், இரண்டும் பட்டியலோடு பொருந்தினால் மாத்திரை வாங்கிய இடத்துக்கே கொண்டு போய் வேறு பேட்ச் கேளுங்கள், ஒரு நாள் மாத்திரையும் தவறவிடாமல். வெளிக்கடையில் வாங்கினால் பில் வாங்குங்கள், அதில் பேட்ச் எண் இருக்க வேண்டும். அட்டையை வெட்டித் தரும்போது எண் இருக்கிற முனை பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. மாத்திரையால் ஏதாவது பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே புகார் செய்யலாம்.

இன்னொன்று. மாத்திரை கொண்டு வருகிற அந்தத் தங்கச்சியிடம் ஒன்பது நாள் மாத்திரை மிச்சம் இருப்பதை மறைக்க வேண்டாம். ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று அவர் எழுதிக்கொண்டு போய், அன்றைக்குப் பிரஷரும் கூடுதலாக இருந்தால், டாக்டர் மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்.