மாவுப்பூச்சியின் குரோமோசோமைப் படித்தால் பிழைப்பு ஓடுமா?

பிஎஸ்சி விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், மாவுப்பூச்சியின் குரோமோசோமை ஆராயப் போவதாகச் சொல்கிறாள், இதெல்லாம் பிழைப்புக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள் சார். ஆகும். ஆனால் வழியைப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

முதலில், அவளை இழுத்தது எது என்று பார்ப்போம். செம்பருத்தியில் வெள்ளையாக அப்பிக் கிடக்கும் மாவுப்பூச்சிக்குப் பத்தே குரோமோசோம்கள், அதாவது மரபணுக்களைச் சுமக்கும் இழைகள். தாய் வழியில் ஐந்து, தந்தை வழியில் ஐந்து. பெண் பூச்சியில் பத்தும் வேலை செய்யும். ஆண் கருவிலோ, தந்தை தந்த ஐந்தும் ஆரம்பத்திலேயே சுருண்டு முடங்கிவிடும். அவன் விந்தணுவிலும் தாயின் ஐந்து மட்டுமே போகும். அப்பா சொத்தைப் பரணில் போட்டுவிட்டு, அம்மா சொத்தை மட்டும் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கிற கதைதான். 1961-இல் பிரவுன், நெல்சன்-ரீஸ் என்ற விஞ்ஞானிகள் இருவரும் ஆண் பூச்சிகளுக்கு எக்ஸ்-கதிர் பாய்ச்சிப் பார்த்தார்கள். அவற்றுக்குப் பிறந்த மகள்கள் செத்தன, மகன்கள் பிழைத்தன! கதிரால் சிதைந்த தந்தைவழிக் குரோமோசோம்கள் மகன்களிடம் எப்படியும் முடங்கித்தானே கிடந்தன. இதே பூச்சியின் குரோமோசோம்களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) மரபியலாளர் ஷரத் சந்திராவும் வேலை செய்திருக்கிறார். ஆக, உங்கள் மகள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

வயலிலும் இந்தப் பூச்சி லேசுப்பட்டதல்ல. 2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை அடக்க, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைக்க வேண்டியிருந்தது.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். எம்எஸ்சி வேளாண் பூச்சியியலுக்குப் பெரும்பாலும் இளநிலையில் வேளாண்மையோ தோட்டக்கலையோ படித்திருக்க வேண்டும். ஐசிஏஆர் எனும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் விஞ்ஞானி வேலைக்கான ஏஆர்எஸ் தேர்வுக்கும் அந்தந்தத் துறை முதுகலை கேட்பார்கள். விலங்கியல் மாணவிக்கு அந்த வாசல் குறுகல். சேரும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும், யாரும் சொல்வதில்லை.

அவளுக்கு ஏற்ற பாதை, எம்எஸ்சியில் மரபியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம், அப்புறம் சிஎஸ்ஐஆர்-நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முனைவர் பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய் வரும். உங்கள் கையைக் கடிக்காது. ஆனால் முடிக்க ஐந்தாறு ஆண்டாகும். அதற்குள் கல்யாணப் பேச்சை எடுக்காமல் இருப்பீர்களா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

'மாவுப்பூச்சி ஆய்வாளர் தேவை' என்று எந்தப் பேப்பரிலும் விளம்பரம் வராது. குரோமோசோம் ஸ்லைடு போடவும், மரபணுத் தரவைக் கணினியில் அலசவும் தெரிந்தவர்களை மரபணுப் பரிசோதனைக் கூடங்கள் தேடும். பூச்சியில் பழகிய கை மனித குரோமோசோமிலும் ஓடும். புள்ளியியலையும் கொஞ்சம் புரோகிராமிங்கையும் இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.

இந்த விடுமுறையில் ஒரு சோதனை. முட்டை வைத்திருக்கும் மாவுப்பூச்சி ஒன்றைக் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப் போய், கருக்களை ஸ்லைடில் நசுக்கி, அசிட்டோ-ஆர்சின் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கட்டும். சில கருக்களின் செல்களில் மட்டும், முடங்கிய அந்த ஐந்தும் சேர்ந்து அடர்த்தியாக ஒரு திட்டு தெரியும், அவை ஆண்கள். பத்து ஸ்லைடு வீணான பிறகும் பதினோராவதை எடுக்கிறாளா என்று பாருங்கள். பிறகு என்னை வந்து பாருங்கள், எம்எஸ்சி விண்ணப்பங்களைப் பற்றிப் பேசலாம்.