100 சிசி வண்டியில் 150 சிசி இன்ஜின்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என்னிடம் 2012-இல் பதிவான ஸ்பிளெண்டர் பிளஸ் இருக்கிறது. அப்பா ஓட்டிய வண்டி, விற்க மனமில்லை. இருவராகக் கொல்லிமலை ஏறினால் திணறுகிறது. பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையிலிருந்து பல்சர் 150 இன்ஜின் ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வெல்டிங்கை மட்டும் பட்டறையில் கொடுத்துவிட்டு, மற்றதை நானும் தம்பியும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்றிருக்கிறோம். சட்டப்படி சிக்கல் வருமா?
- நாமக்கல் வாசகர்

பதில்: வரும். ஆனால் சட்டத்துக்கு முன்னால் பிரேக்கைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் உட்காரப்போவது உங்கள் தம்பி.

உங்கள் வண்டியின் 97 சிசி இன்ஜின் தருவது ஏறக்குறைய எட்டு குதிரைத்திறன். பல்சரின் 149 சிசி இன்ஜின் சுமார் 14 தரும். அந்த வேகத்தை அடக்கப் பல்சரின் முன்சக்கரத்தில் 240 மில்லிமீட்டர் டிஸ்க் பிரேக் இருக்கிறது. உங்களிடம் இருப்பது 130 மில்லிமீட்டர் டிரம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை நிறுத்துவதைவிட 90-இல் வருவதை நிறுத்த பிரேக் இரண்டேகால் மடங்கு ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறியவர் இறங்கியும் ஆகவேண்டும். டிரம் சூடேறிவிட்டால் பிடி குறையும். டயர், ஃபோர்க், ஷாக் அப்சார்பர் எல்லாமே எட்டு குதிரைத்திறனுக்குக் கணக்குப் போட்டு வைத்தவைதான்.

பொருத்துவதும் எளிதல்ல. ஸ்பிளெண்டரின் சிலிண்டர் முன்பக்கமாகக் கிட்டத்தட்ட படுத்திருக்கும். பல்சரில் அது நிமிர்ந்து நிற்கும். படுத்த இன்ஜினுக்காக விட்ட இடத்தில் நிமிர்ந்த இன்ஜினை நுழைக்க, இன்ஜினைத் தாங்கும் மவுண்டுகளை அறுத்துப் புதிதாக வெல்டிங் வைக்க வேண்டும். ஃபிரேம் குழாய்கள் மெலிதானவை. அவசரமாக வைத்த வெல்டிங்கின் ஓரத்திலிருந்து, ஓடும் அதிர்வில் விரிசல் கிளம்பும். பெயின்ட் அடித்த பிறகு அது கண்ணுக்குத் தெரியாது. அடுத்தது செயின். செயின் ஓடும் பல்சக்கரங்களான முன் ஸ்பிராக்கெட்டும் பின் ஸ்பிராக்கெட்டும் ஒரே நேர்க்கோட்டில் வராவிட்டால் செயின் ஒருபக்கமாகத் தேயும், ஒருநாள் கழன்று பின்சக்கரத்தைப் பூட்டிவிடும். அந்த இன்ஜினுக்கு இரண்டு ஸ்பார்க் பிளக்; அதற்கேற்ற சிடிஐ (தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), காயில், வயரிங் எல்லாம் தனியாக வாங்க வேண்டும். 18,000 என்பது தொடக்கம் மட்டுமே.

இப்போது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுப்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் (ஆர்.சி.) விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று இன்ஜின் விற்பவர் சொல்வார். உங்கள் வண்டிக்கு 2027-இல் 15 ஆண்டு முடிகிறது. பதிவைப் புதுப்பிக்கும்போது மோட்டார் வாகன ஆய்வாளர் இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுவார்.

இன்ஷூரன்ஸில் ஒரு மயக்கம் இருக்கிறது. மூன்றாம் நபர் காப்பீட்டில் 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை ஒரே பிரிவு என்பதால், 97-க்கும் 149-க்கும் பிரீமியம் ஒன்றுதான். அதனால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பாலிசியில் எழுதியிருப்பது பழைய இன்ஜின் எண். விபத்து நடந்தால் வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையை நிறுவனம் மறுக்க அதுவே போதும்.

பில்லில் இன்ஜின் எண் எழுதித் தராத எவரிடமும், எந்த ஊரிலும், பழைய இன்ஜின் வாங்காதீர்கள். திருட்டு வண்டியிலிருந்து கழற்றியதாக இருந்தால் போலீஸுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அப்பாவின் வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கம்ப்ரஷன், கிளட்ச் பிளேட், கார்புரேட்டர், பின்பிரேக் உரசுகிறதா என்பதைச் சோதியுங்கள். பழைய வண்டியின் திணறலுக்குப் பெரும்பாலும் இவற்றில் ஒன்றே காரணமாக இருக்கும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைக்கலாம். 14 பல் 13 ஆனால் இழுவை ஏழு சதவீதத்துக்கும் மேல் கூடும். உச்ச வேகம் சற்றுக் குறையும், ஆர்.சி. விவரம் எதுவும் மாறாது. அதுவும் போதவில்லையென்றால் இன்ஜின், வெல்டிங், வயரிங் செலவையெல்லாம் கூட்டிப் பாருங்கள். கொஞ்சம் சேர்த்தால் டிஸ்க் பிரேக்கோடு ஒரு முழுப் பழைய 150 சிசி வண்டியே கிடைக்கும்.

கேள்வி: யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்று விலைக்கு வருகிறது. இன்ஜின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறது. ஆனால் "உள்ளே 135" என்கிறார் நண்பர். அது எப்படி?

பதில்: முடியும். ஆர்எக்ஸ் 100-இன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மில்லிமீட்டர், ஆர்எக்ஸ் 135-இன் போர் 58. பிஸ்டன் நகரும் தூரமான ஸ்ட்ரோக் இரண்டிலும் 50. அதனால் இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸின் வாயைக் கடைந்து அகலமாக்கி 135-இன் சிலிண்டர் பிளாக்கை உட்கார வைத்துவிடுகிறார்கள். எண் பதிந்திருப்பது கிராங்க்கேஸில் என்பதால் அது அப்படியே இருக்கும். சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றி போரை அளந்து பாருங்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் அது சிறிது நேர வேலைதான். 1996-உடன் தயாரிப்பு நின்றுபோன வண்டி, லட்சத்தைத் தாண்டியும் விலை சொல்கிறார்கள். அவ்வளவு கொடுப்பவருக்கு அளந்து பார்க்கும் உரிமை உண்டு. மறுக்கும் உரிமையாளரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் வண்டியின் இன்ஜின் சீஸ் ஆகி (பிஸ்டன் இறுகிச் சிக்கி), சரிசெய்ய முடியாத நிலை. அதே மாடல் இன்ஜினைப் போடலாமா?

பதில்: போடலாம். முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெறுங்கள். மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யில் புதிய எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். எண்ணோடு கூடிய இன்ஜின் பில் கட்டாயம் கையில் இருக்க வேண்டும். வண்டி கடனில் இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதமும் வாங்குங்கள். புதிய ஆர்.சி. வந்ததும் அதன் நகலை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு அனுப்பி, பாலிசியிலும் எண்ணை மாற்றச் சொல்லுங்கள்.