வீட்டில் யாருக்கும் இல்லை, மகளுக்கு மட்டும் எப்படி?

கேள்வி: என் ஒன்பது வயது மகளுக்கு சீலியாக் நோய் என்று குடல் பயாப்ஸியில் உறுதியாகிவிட்டது. எங்கள் இரண்டு பக்கத்திலும் யாருக்கும் இல்லை. இது பரம்பரையா, சாப்பாட்டால் வந்ததா? பயத்தில் ஆறு வயது மகனுக்கும் போன வாரம் கோதுமையை நிறுத்திவிட்டேன். சரிதானா?
- ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: மகனுக்குச் சப்பாத்தியை மறுபடி கொடுங்கள், அம்மா. சீலியாக் என்பது கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைச் சாப்பிடும்போது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும் நோய். கோதுமை உள்ளே போனால்தான் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரியும். நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால், நோய் இருந்தாலும் 'இல்லை' என்று வந்துவிடும். ஒரு வாரம்தான் என்பதால் பெரிய பாதகமில்லை. டாக்டரிடம் சொல்லி, அந்த எதிர்ப்பொருளைத் தேடும் 'டிடிஜி ஐஜிஏ' ரத்தப் பரிசோதனையோடு, ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் பாருங்கள். மொத்த அளவே குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு முதல் பரிசோதனை ஏமாற்றிவிடும். உடன்பிறந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது வருகிறது, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

பரம்பரையும் சாப்பாடும் சேர்ந்தால்தான் இந்த நோய். டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு வகை இல்லாதவருக்கு அநேகமாக வரவே வராது. டிக்யூ2 புரதம் இரண்டு துண்டுகளால் ஆனது. ஒன்றுக்கான மரபணு உங்களிடமிருந்தும் மற்றது அப்பாவிடமிருந்தும் வந்து, மகளிடம் முழுசாகச் சேர்ந்திருக்கலாம்.

ஆனால் மரபணு இருந்தாலே நோய் என்றில்லை. 2016இல் வெளியான இந்திய ஆய்வில், வடக்கிலும் தெற்கிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்த மரபணு இருந்தது. நோயோ வடக்கே ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர், தெற்கே ஏறக்குறைய பத்தாயிரத்துக்கு ஒருவர். அங்கே ஒருவர் நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், இங்கே 25 கிராம். அதே ஆய்வில் வடகிழக்கில் கோதுமை 37 கிராம்தான். நோயோ வடக்கில் இருந்ததில் பாதிக்கு மேல் இருந்தது. ஆக, அளவு ஒன்றே காரணமில்லை. சிறுவயதில் வரும் ரோட்டா வைரஸ் போன்ற குடல் தொற்றுகளுக்கும் பங்கிருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கோதுமையை எந்த மாதத்தில் கொடுக்கத் தொடங்கினோம் என்பதால் நோய் தடுக்கப்படவில்லை. நீங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாக மனதை வருத்திக்கொள்ள வேண்டாம்.

மகளுக்கு ரவை, சேமியா, பரோட்டா, மால்ட் பானம், பாரிமுனைப் பக்கத்து பர்மா உணவான அத்தோ எல்லாமே கூடாது. அத்தோ நூடுல்ஸ் மைதாதான். பலர் கவனிக்காதது ரசத்துக்குப் போடும் கூட்டுப் பெருங்காயம். அதில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

இன்னொன்று மாவு மில். உங்களுக்கு முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால், மெஷினில் ஒட்டியது உங்கள் அரிசி மாவோடு வந்துவிடும். குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்ல, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. இரண்டு கிலோ அரிசி மாவில் ஒரு டீஸ்பூன் கோதுமை மாவு விழுந்தாலே அதைப் பல மடங்கு தாண்டிவிடும். அரிசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, அவளுக்கென்று தனியாக வைத்த மிக்ஸி ஜாரில் அரையுங்கள். சல்லடையும் தனியாக இருக்கட்டும், அதன் கண்ணில் ஒட்டிய மாவு கழுவினாலும் முழுசாகப் போகாது.