குரல் திருத்தும் மென்பொருளில் ஸ்கேல்: எந்தச் சுரத்தை வைப்பது, எதை எடுப்பது?

கல்லடியிலிருந்து ஒரு தங்கச்சி: மோகன ராகத்தில் ஒரு பக்திப் பாட்டு, ஐந்து கட்டை. குரல் திருத்தும் ஓட்டோ டியூன் மென்பொருளில் ஸ்கேலாக (சுர வரிசையாக) ஜி மேஜர் போட்டேன். காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு இழுக்கும் இடம் படிக்கட்டுப் போல உடைந்து கேட்கிறது. ஏன்?

ஐந்து கட்டை என்றால் உங்கள் ஷட்ஜம் ஜி. மோகனத்துக்கு வேண்டியவை ஜி, ஏ, பி, டி, ஈ மட்டும்தான். மேஜர் ஸ்கேலில் சி-யும் எஃப் ஷார்ப்பும் கூடவே வந்து நிற்கின்றன. பி-யிலிருந்து டி-க்கு நீங்கள் வழுக்கிப் போகையில் நடுவில் சி குரலைப் பிடித்து நிறுத்துகிறது. அது மத்திமம், மோகனத்தில் அதற்கு வேலையே இல்லை. இரண்டையும் ரிமூவ் செய்யுங்கள். அப்புறமும் சின்னத் தாவல் கேட்டால் ரீடியூன் ஸ்பீட் எண்ணைக் கூட்டுங்கள்; எண் கூடினால் திருத்தம் மெதுவாகும். பூச்சியத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எந்த இழுவையும் பிழைக்காது. நானென்றால் அந்த ஒரு இழுவையில் மட்டும் திருத்தத்தை முழுதாக நிறுத்திவிடுவேன்.

காரைதீவிலிருந்து ஒரு தம்பி: அண்ணன், ரிமூவுக்கும் பைபாஸுக்கும் என்ன வித்தியாசம்?

ரிமூவ் செய்த சுரம் ஸ்கேலிலேயே இல்லை. அதைப் பாடினால் குரல் பக்கத்துச் சுரத்துக்குத் தள்ளப்படும். பைபாஸ் செய்த சுரத்தில் மென்பொருள் கை வைக்காது, பாடியது பாடியபடியே போகும். கமகம் (அசைவு) ஆடும் சுரங்களுக்கு பைபாஸ்தான் சரி. தோடி ராகத்தின் காந்தாரத்தைப் பாருங்கள்: அது ஓரிடத்தில் நிற்பதில்லை, ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே ஆடுகிறது. காந்தாரத்தை மட்டும் பைபாஸ் செய்தால் ஆட்டத்தின் இரு முனைகளும் வெட்டுப்படும். மூன்றையும் பைபாஸில் போடுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு நானா: எங்கள் கீதம் மாயாமாளவகௌளை, ஷட்ஜம் சி. பட்டியலில் அந்த ஸ்கேல் இல்லை. குரோமேட்டிக்கிலேயே விடலாமா தம்பி?

விடாதீர்கள் நானா. அதில் பன்னிரண்டு சுரமும் திறந்திருக்கும். பாடுபவர் 50 சென்டுக்கு மேல் (அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி 100 சென்ட்) விலகினால் பக்கத்துத் தப்புச் சுரத்தில் கச்சிதமாக உட்கார வைத்துவிடும். குரோமேட்டிக்கைத் திறந்து டி, ஈ ஃபிளாட், எஃப் ஷார்ப், ஏ, பி ஃபிளாட் ஐந்தையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது உங்கள் ராகம்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் அக்கா: ஸ்கேல் சரி, ஆனாலும் திருத்திய குரல் ஆர்மோனியத்தோடு ஒட்டவில்லை.

ஆர்மோனியத்தை ஒரு டியூனரில் பாருங்கள் அக்கா. மென்பொருள் ஏ-யை 440 ஹெர்ட்ஸ் என்று வைத்துத் திருத்துகிறது. பெட்டி 445-இல் நின்றால் ஏறக்குறைய 20 சென்ட் வித்தியாசம், காதுக்குத் தெரியும். டீடியூன் இடத்தில் பெட்டியின் அளவைக் கொடுங்கள்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு தம்பி: கண்ணகை அம்மன் குளுத்திச் சடங்குப் பாடலை உடுக்கோடு ஒரே மைக்கில் பதிந்தேன். திருத்தலாமா?

வேண்டாம் தம்பி. இது தனிக்குரலுக்கான கருவி. உடுக்குச் சத்தம் கலந்தால் சுருதியைத் தப்பாகக் கணிக்கும், உடுக்கையும் சேர்த்து வளைக்கும். அந்தப் பாடலின் சுரங்களும் பியானோக் கட்டைக்குள் அடங்குபவை அல்ல. நேரம் இருந்தால் பாடுபவருக்கு நெருக்கமாகத் தனி மைக் வைத்து மறுபடி பதியுங்கள்.