18 வீதம் என்றால் நூறில் பதினெட்டுப் பேரா?

கேள்வி: தினமும் சொசேஜ் சாப்பிட்டால் குடல் புற்றுநோய் 18 வீதம் கூடும் என்று வாசித்தேன். மகன் பாடசாலைக்கு அதைத்தான் கொண்டுபோகிறான். நூறு பிள்ளைகளில் 18 பேருக்கு வருமா? நாற்பது வருடமாக வெற்றிலை போடும் என் மாமாவோ, "எனக்கு ஒன்றும் வரவில்லையே" என்கிறார். (வெள்ளவத்தை வாசகி)

பதில்: இல்லை அம்மா, அப்படி வராது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சொன்ன கணக்கு அது: தினமும் சாப்பிடும் ஒவ்வொரு 50 கிராம் பதப்படுத்திய இறைச்சிக்கும் (சொசேஜ் போன்றவை) குடல் புற்றுநோய் ஆபத்து 18 வீதம் கூடும். ஏற்கெனவே இருக்கும் ஆபத்தின்மேல் ஏறுவதுதான் இந்த 18. ஓர் ஊரில் 1,000 பேரில் 20 பேருக்கு வாழ்நாளில் குடல் புற்றுநோய் வரும் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் அந்த 20, சுமார் 24 ஆகும். எப்போதாவது ஒரு நாள் என்றால் பயப்பட வேண்டாம். தினமும் என்றால் முட்டை, கடலை என்று மாற்றிக் கொடுங்கள்.

எனக்குக் கவலை மாமாவைப் பற்றித்தான். அந்த முகமை பதப்படுத்திய இறைச்சியை, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வெற்றிலையோடு போடும் பாக்கையும் அதே பிரிவில்தான் வைத்திருக்கிறது. அந்தப் பிரிவு சான்று உறுதி என்பதை மட்டுமே சொல்லும், ஆபத்து எவ்வளவு என்பதைச் சொல்லாது. சொசேஜின் ஆபத்தை வீதத்தில் சொல்கிறோம். வெற்றிலையின் ஆபத்தை மடங்கில்தான் சொல்ல வேண்டும். இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது.

சரி, மாமாவுக்கு ஏன் வரவில்லை? விளங்குவதற்காக ஒரு கணக்கு: வெற்றிலை போடாத 1,000 பேரில் 2 பேருக்கும், போடுகிற 1,000 பேரில் 10 பேருக்கும் வாய்ப்புற்று வருகிறது. ஐந்து மடங்கு! ஆனாலும் மீதி 990 பேர் மாமா சொல்வதையேதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு, வெற்றிலை போடாமல் இருந்திருந்தால் நோய் வந்திருக்காது. அதனால்தான் ஒருவரை மட்டும் வைத்து நாங்கள் முடிவு சொல்வதில்லை. போடுகிறவர், போடாதவர் இரண்டு பக்கத்தையும் எண்ணுகிறோம். புகைபிடித்தல், மது இரண்டையும் தனியே பிரித்துப் பார்த்த பிறகும் பாக்கின் பங்கு மறையாமல் நிற்கிறது. புகையிலை வைக்காமல் போட்டாலும் ஆபத்து உண்டு.

மாமாவை இன்றே வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம், இதில் ஒன்று இருந்தாலும் கொழும்பு வோர்ட் பிளேஸ் பல் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். வலி இல்லை என்று சொல்லித் தட்டிக்கழிப்பார், விடாதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.